ஞானப்பூ சொன்ன முடிவு

கதவு மூடிக்கொண்டே வருகிறது, இடுக்கில் ஞானப்பூவின் வலது கை விரல்கள், அந்தப் பக்கம் நின்று முழு பலத்தோடு தள்ளுகிறவர் அவள் புருஷன், மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வேதமாணிக்கம், ஊரே எழுந்து நின்று வணங்குகிற மனிதர், உன் நாவலோட கடைசி அத்தியாயத்துல அந்தப் பொம்பள புருஷன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும், ஏட்டி எழுதுவியா மாட்டியா, மாட்டேன், எலும்பு நொறுங்கியது, அது வியாழக்கிழமை ராத்திரி, இன்று ஞாயிறு, ஆராதனை முடிந்து, விக்டோரியா ராணி படம் தொங்கும் கூடத்தில் போதகரும் அவர் மனைவியும் சபையார் சிலரும் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மாதாமாதம் பத்திரிகைக்கு அவள் எழுதும் தொடர் நாவலை அச்சுக்குப் போகுமுன் அவள் வாயாலேயே கேட்பது வழக்கம், அந்த வழக்கத்தை உண்டாக்கியவரும் வேதமாணிக்கந்தான், நம்ம வீட்ல ஒரு எழுத்துக்காரி என்று பீற்றிக்கொள்ளவும் தெரியும், விருந்தாளிகள் போனதும் அதே எழுத்துக்காக முடியைப் பிடித்துச் சுவரில் மோதவும் தெரியும், நல்ல மனுஷன் போங்கள், கல்யாணமான வருஷமே அவளது முதல் கதையை அடுப்பில் போட்டார், எடுக்கப் போனவளை எட்டி உதைத்தார், வயிற்றில் இருந்தது தங்கவில்லை, அந்த ரத்தம் இப்போதும் கனவில் வந்து கூடமெங்கும் பரவுகிறது, அவள் துடைக்கிறாள், துடைக்கத் துடைக்க ஊறுகிறது, கையில என்னம்மா கட்டு என்று போதகரம்மா கேட்கிறாள், கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா என்று அவரே முந்திக்கொள்கிறார், எழுத முடியல, முடிவை வாயால சொல்லுவா, சொல்லு ஞானப்பூ, நான் சொன்ன மாதிரி.

அவள் சொன்னாள், புருஷன் அவ கையைப் பிடிச்சுக் கதவிடுக்குல வச்சுத் தள்ளுனான், நகம் பிஞ்சு தொங்குச்சு, அவ கத்தல, கத்துனா அவனுக்கு மானம் போயிருமேன்னு அப்பவும் அவனுக்காகத்தான் பயந்தா, கூடத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது, எல்லார் கண்ணும் அவள் கைக்கட்டின் மேல், வேதமாணிக்கம் பாய்ந்து வந்து அறைந்தார், உதடு கிழிந்தது, இத்தனை வருஷம் மறைவில் அடித்தவர் இன்று சபை நடுவில் அடித்தார், போதகர் தரையைப் பார்த்தார், சபையார் காப்பி டம்ளரைப் பார்த்தார்கள், வெட்கங்கெட்ட கூட்டம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதகரம்மா மட்டும் எழுந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள், பொறகு அவ என்னம்மா செஞ்சா என்று கேட்டாள்.

ஞானப்பூ ரத்தத்தைத் துப்பினாள், அவ அவனோட வீட்டை விட்டு எறங்கிட்டா என்றாள், சொன்னவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.