ஒன்பதாவது மூடி

தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த சௌடம்மாளுக்கு முன்னறையில் குமிழிச் சத்தம் நின்றுபோனது அப்போதுதான் உறைத்தது. அந்த அறையை மைக்செட் செல்வதுரைக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மூன்று மோட்டார் சைக்கிள் பேட்டரிகள் அங்கே கரண்டு ஏறிக்கொண்டிருந்தன. ஏறும்போது உலைநீர் மாதிரி சளசளவென்று கேட்கும். இப்போது மூச்சில்லை.

காரணம் வேறு யார், அவள்தான். பேட்டரி விடும் ஆசிட் புகை தறியில் ஓடும் பாவு நூலில் படிந்து, போன மாதம் முக்கால் சேலை நெய்த பிறகு நூல் இற்றுப்போனது. செல்வதுரையிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்கா அக்கா என்று உயிரை விடுகிற பிள்ளை. அதனால் காலையில் அவன் திருச்சுழி பஸ்ஸுக்குப் போனதும், கழிவு நூலைத் திரித்து, பாவுக்குப் போடும் கஞ்சியில் முக்கி, பேட்டரி மூடி ஒவ்வொன்றிலும் புகை வரும் ஊசித்துளையில் திணித்தாள். பேட்டரிக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது மூடிகள். கஞ்சி காய்ந்தால் கல்தான். ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதை.

போய் எட்டிப் பார்த்தாள். நடு பேட்டரியின் மேலே அடைப்பாக ஊற்றியிருந்த கறுப்புத் தார்க்கீல் ஒரு ஓரத்தில் பூரி மாதிரி உப்பியிருந்தது. "நெருப்பு மட்டும் இங்க ஆகாதுக்கா, இது விடுற காத்து வெடிக்கும்" என்று குடிவந்த அன்றே அவன் சொல்லியிருந்தான். காற்றுக்கு வழி வேண்டும் என்று சொன்னானா? நினைவில்லை. சுவருக்கு மறுபக்கம், குழித்தறியில் இடுப்புவரை இறங்கி அவள் புருஷன் லிங்கம் நெய்துகொண்டிருந்தார். குழியிலிருந்து ஒரு மனுஷன் எழுந்து ஓட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அதற்குள் செல்வதுரையே வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"பேட்டரிக்கு வந்த பரளச்சிக்காரவுக வெயில்ல நிக்காகக்கா. ஒண்ணக் கழட்டிக் குடுத்துட்டு வாரேன்."

அவசரம் என்றால் அவன் சுவிட்சை அணைக்க மாட்டான், கிளிப்பைப் பிடுங்குவான். அப்போது நீலமாக ஒரு பொறி தெறிக்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

குனிந்து கை நீட்டினான். தொடாதே என்றாள். பயத்தில் வாயில் வந்தது அவள் வீட்டில் பேசும் கன்னடம். புரியாமல் சிரித்துக்கொண்டே அவன் கிளிப்பைப் பிடித்தான். பாய்ந்து சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"தொடாதப்பா. ஓட்டைய எல்லாம் நான் அடைச்சுட்டேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. பின்பக்கமாகவே நடந்து, வாசல் சுவரில் இருந்த மெயினை அணைத்தான். தெருவிலிருந்தே ஜன்னலைத் தள்ளித் திறந்தான். லிங்கத்தைக் கூட்டி வந்து எதிர்வீட்டு ஓரமாக நிறுத்தினான்.

"எத வச்சு அடைச்சீக?"

"பாவுக் கஞ்சி."

"கம்பி விட்டுக் குத்த முடியாது. பட்டா பொறி வரும்."

"தண்ணியில இளகும். நான் போட்டது, எனக்குத்தான் எடுக்க வரும்."

அரைமணி நேரம் காற்றோட விட்டார்கள். பிறகு ஆசிட் தெறித்தால் கண்ணில் படாதபடி அவன் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி அவள் முகத்தில் மாட்டினான். அது மூக்கில் நிற்காமல் வழுக்கியது. வேறு நாளாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஈரத்துணியை ஒவ்வொரு மூடியிலும் ஒற்றி, விரலால் நெருடினாள். சௌடேஸ்வரி தாயே என்று உதடு முணுமுணுத்தபடி இருந்தது. ஒவ்வொன்றும் புஸ்ஸென்று மூச்சு விட விட, வாசலில் நின்ற செல்வதுரை எண்ணினான்.

"எட்டுக்கா."

உப்பின ஓரத்து மூடிதான் பாக்கி. துணியை மறுபடி நனைத்து வைத்தாள். கஞ்சி இளகவில்லை. விரல் நுனிக்கு அடியில், அடைபட்ட காற்று உள்ளேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது.