தட்டு தூக்கியவனுக்குக் கைதட்டல்

சர் லூசியன் ஃபாரன்ட் தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதியிருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் அறுபத்தோராம் பக்கத்தில் நான் வருகிறேன். "என் பெயரை ஒரு சில்லறை நடிகர் பிடுங்கிக்கொண்டார். அதனாலேயே என் தந்தை என்னை மேடையில் பார்க்காமல் கண்மூடினார்." அந்தச் சில்லறை அடியேன்தான். மற்ற பக்கங்களில் அவர் அழுகிறார், ஊர் கைதட்டுகிறது.

எங்கள் நடிகர் சங்கத்தில் ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். முதலில் பதிந்தவனுக்கே பெயர் சொந்தம். 1958 மார்ச்சில் நான் வால்டர் பிளென்கின் என்று பதிந்தேன். என் பெற்றோர் வைத்த பெயர், எங்கும் திருடவில்லை. ஐந்து வாரம் கழித்து ஹல் துறைமுகத்தில் மீன் இறக்கும் ஒருவரின் மகன் வந்து நின்றான். அவன் பெயரும் வால்டர் பிளென்கின். சங்கத்து அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, காலி இல்லை என்று சொல்லிவிட்டாள். பையன் ஜன்னல் வழியே பார்த்தான். எதிரே லூசியன் தொப்பிக் கடை, மாடியில் ஃபாரன்ட் என்ற பல் வைத்தியர். ஒரு மகா கலைஞன் அப்படித்தான் பிறந்தான்.

இரண்டே வருஷத்தில் அவர் லண்டன் மேடையில் இளவரசர், ஐந்தாம் வருஷம் ராஜா. சினிமாவும் சர் பட்டமும் பிற்பாடு வந்தவை. சினிமாவில் அவர் இங்கிலாந்தை நான்கு முறை காப்பாற்றினார், அதில் ஒருமுறை ஜலதோஷத்தோடு. நான் இதற்கிடையில் இரண்டாவது போலீஸ்காரன், சோபாவுக்குப் பின்னால் கிடக்கும் பிணம், தேநீர்த் தட்டு தூக்கும் வீட்டுப் பணியாள் என்று படிப்படியாக முன்னேறிக்கொண்டிருந்தேன். "வண்டி தயார், மேடம்" என்ற வசனத்தை என்னைப்போல் சொல்ல நாட்டில் ஆளில்லை. சொல்ல ஆசைப்பட்டவர்களும் இல்லை.

வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் சமயத்தில், நடிகர்கள் கூடும் மதுக்கடையில் லூசியன் என்னைத் தேடி வருவார். அவருக்கு யார் பெயரும் நினைவில் நிற்காது. அதனால் எல்லோரும் கண்ணா. என் பெயரை மட்டும் மறந்ததே இல்லை.

"கண்ணா, அந்தப் பேரைக் குடுத்துடேன். உனக்கு எதுக்கு? போஸ்டர்ல உன் பேரைப் படிக்கணும்னா பூதக்கண்ணாடி வேணும்."

"பொடி எழுத்தா இருந்தாலும் என் பேரு சார்."

"எங்கப்பா என் நாடகத்துக்கு வந்ததே இல்லப்பா. பிளென்கின்னு பேர் போட்டாத்தான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. பெத்தவன் பேரை வேணாம்னவன் எனக்குப் பிள்ளையே இல்லங்கறாரு."

சொல்லும்போதே கண் கலங்கும். முதலில் இடது கண், ஏனென்றால் கூட்டம் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். கடை முழுவதும் என்னை நாயை உதைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். நான் கொடுக்கவில்லை. எனக்கு வீடில்லை, மனைவி இல்லை, நினைவில் நிற்கும் ஒரு வேஷம்கூட இல்லை. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். ஆனாலும் வீட்டுக்குப் போனால் அந்தக் கிழவர் முகம் உறுத்தும். பார்த்திராத முகம் அப்படி உறுத்துமா என்று கேட்காதீர்கள், உறுத்தியது.

1967 இலையுதிர் காலத்தில் எங்கள் குழு ஹல்லுக்குப் போயிற்று. சனிக்கிழமை மதியக் காட்சி. இரண்டாம் அங்கத்தில் ஒட்டுமீசையோடு தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். மேல்மாடி இடிந்து விழுவதுபோல் கைதட்டல். சீட்டி வேறு. "நம்ம வால்டருடா!" என்று ஒரு குரல். கதாநாயகி வசனத்தை மறந்து என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் நான் நுழைந்ததற்கு யாரும் தும்மியதுகூட இல்லை. தட்டை வைக்க ஐந்து நொடி போதும். நான் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

காட்சி முடிந்து பின்வாசலுக்கு வந்தால், சோடாப்புட்டிக் கண்ணாடியும் சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுமாக ஒரு பெரியவர் நிற்கிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன். தெருமுனையில் அவருடைய துறைமுகக் கூட்டாளிகள் இருபது பேர். பெரியவர் கிட்டே வந்து, என் மூக்கோடு மூக்காக நின்று பார்த்தார்.

"நீ எம் பையன் இல்லையே."

"இல்லீங்க ஐயா. எம் பேரும் வால்டர் பிளென்கின்தான். உங்க பையன் லண்டன்ல வேற பேர்ல நடிக்கறாரு. உங்களுக்குத்தான் தெரியுமே?"

"பேரை மாத்திக்கிட்டானா? எங்கிட்டச் சொல்லலையே. வருஷத்துக்கு ஒரு கார்டு போடுவான், வேலை நல்லாப் போகுதுன்னு. நான் இங்க வர்ற ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்து போர்டுல பிளென்கின் இருக்கான்னு பாப்பேன். இன்னிக்குத்தான் இருந்துச்சு." கொஞ்ச நேரம் மீன் பொட்டலத்தையே பார்த்தார். "என்ன பேருல இருக்கான்?"

"லூசியன்."

"லூசியன்," என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொல்லவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனிதர் எந்தக் காலில் நின்றார்? எந்தப் பெயர் போட்டாலும் ஓடி வந்திருப்பார். ஒன்பது வருஷமாக அந்தப் பாவத்தை நான் சுமந்திருக்கிறேன், கூலிகூட இல்லாமல்.

முனையிலிருந்து ஒருவர் கத்தினார். "என்னப்பா, பிள்ளையக் கண்ணுல காட்ட மாட்டியா?"

பெரியவர் என் தோளில் கை போட்டு அவர்கள் பக்கம் திருப்பினார். "இவன்தான். பாத்தீங்கல்ல? அத்தனை கோப்பை, ஒரு சொட்டு சிந்தல!"

இருபது பேரும் கை குலுக்கினார்கள். மீசையை நான் கழற்றவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நானே லூசியனைத் தேடிப் போனேன். பெயரை விட்டுக்கொடுப்பதாகச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தை நீட்டினேன். ராஜாவாகச் செத்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு வெளுத்ததில்லை.

"இப்பப் போயி எப்படி கண்ணா? லூசியன்னாத்தான ஜனங்களுக்குத் தெரியும்."

"அப்ப பேரு வேணாம். உங்கப்பாவுக்கு ஒரு டிக்கெட் அனுப்புங்க. வாசல்ல என்ன பேரு இருந்தாலும் வருவாரு. நான் பாத்துட்டுத்தான் வர்றேன்."

இடது கண் கலங்கும் என்று காத்திருந்தேன். இரண்டும் காய்ந்தே இருந்தன. குரலைத் தாழ்த்தி, "அவர் மட்டும் வரமாட்டாரே. அந்தத் துறைமுகத்து ஆளுங்களையும் கூட்டிட்டு வருவாரே," என்றார்.

அவர் வாழ்க்கையில் நடிக்காமல் பேசிய ஒரே வசனம் அதுதான். புத்தகத்தில் அது இல்லை. கடிதத்தைக் கணப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் மூன்று முறை ஹல்லுக்குப் போனேன். மூன்று முறையும் மேல்மாடி அதிர்ந்தது, மூன்று முறையும் மீன். ஒட்டுமீசைக்குப் பதிலாக நிஜ மீசையே வளர்த்துக்கொண்டேன்.

1969 பிப்ரவரியில் பெரியவர் போய்விட்டார். அடக்கத்தன்று லூசியனுக்கு ஒத்திகை. அதனால் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர் வளையம் வந்தது. துறைமுகத்து ஆட்கள் கேள்வி கேட்காமல் பெட்டியின் முன்பக்கத்தை என் தோளில் வைத்தார்கள். பிள்ளைக்கு உரிய இடம் அது. அன்று நான் அழுதேன், கைதட்டலுக்காக இல்லை.

திரும்பும்போது ஒருவர் மலர் வளையத்து அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வால்டர், 'அன்புடன் லூசியன்'னு போட்டிருக்கு. யாருப்பா அது? உங்க சொந்தமா?"

"இல்லீங்க," என்றேன். "லண்டன்ல ஒரு தொப்பிக் கடை."