ஊதா எழுத்து ரோசாக்கள்

ஸ்டெஃபானி பூங்கொத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், இராஜதுரையின் கலியாண அட்டைக் கடை வாசலில், புதன்கிழமைப் பின்னேர வெயில் அந்தக் கடதாசி ரோசாக்களில் விழுந்தது. நாற்பத்தொரு பூக்கள். பழுத்த மெல்லிய தாளில் ஊதா நிறத் தட்டச்சு எழுத்துகள் இதழ் இதழாகச் சுருண்டு கிடந்தன. சனிக்கிழமை அவளுக்கு நகரசபையில் பதிவுத் திருமணம். கையில் பிடிக்க உயிர்ப்பூ வேண்டாம், ரூபிகா அன்ரி செய்கிற பூதான் வேண்டும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

“சரியான வடிவு அன்ரி! உது ஆற்றையேன் காதல் கடிதமோ?”

“ஆருக்குத் தெரியும்? எல்லாம் புரோக்காந்திலை, பழஞ்சாமான் சந்தையிலை பொறுக்கினது. ஆரோ ஒரு பிரெஞ்சுக் கிழவன் தட்டச்சிலை அடிச்சுக் காதலிச்சிருப்பான்,” என்று ரூபிகா சிரித்தாள். அந்தக் கடையில் அட்டை விற்பதும் அலங்காரம் செய்வதும் அவள் வேலை.

இங்கே பிறந்தவள் ஸ்டெஃபானி. ஓர் இதழை விரல் நுனியால் நிமிர்த்தி, அதிலிருந்த பிரெஞ்சை வாசித்தாள். புருவம் நெளிந்தது.

“அன்ரி, இதிலை ‘பருத்தித்துறையிலை பிறந்த’ எண்டெல்லோ கிடக்கு. அது எங்கடை அப்பான்ரை ஊர். அங்கை ஏது பிரெஞ்சுக் கிழவன்?” அடுத்த இதழையும் நிமிர்த்தினாள். “இதிலை ‘என்ரை தமையன்.’ மற்றதிலை ‘மடியிலை.’ மிச்சம் வெட்டுப்பட்டுப் போச்சு.”

ரூபிகா பூங்கொத்துக்குக் கையை நீட்டினாள்.

“இஞ்சை தா பிள்ளை. ஒரு கம்பி கழண்டு நிக்குது. வெள்ளிக்கிழமை வந்து எடு.”

கம்பி ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

அவள் கணவன் தவசீலனுக்குப் பருத்தித்துறை. ஷெல்லடியில் இறந்த அவனுடைய அண்ணனின் படம் சார்செல் புறநகர் வீட்டு வரவேற்பறையில் மாலையோடு தொங்குகிறது. இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவன் பேசிய வசனங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அவளும் கேட்டதில்லை.

அவன் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அந்த ஒரு நாளிலும் பழைய காரை எடுத்துக்கொண்டு, பொவே நகருக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு அவளைக் கூட்டிப்போவான். தேவாலய முற்றத்தில் சனங்கள் பரணில் கிடந்ததையெல்லாம் மேசை போட்டுப் பரப்பியிருப்பார்கள். ரூபிகா அட்டைப் பெட்டிகளுக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிடுவாள். பள்ளிக்கூடக் கொப்பிகள், இசைத் தாள்கள், சுவரொட்டுத் தாள் சுருள்கள், நாடா கட்டிய கடிதங்கள். தூசு தட்டத் தட்ட அவள் முகம் மலரும். தவசீலன் கோப்பிக் கோப்பையோடு பின்னால் நின்று பகிடி விடுவான்.

“உலகமே பழைய பேப்பரை விக்குது. என்ரை மனிசி பெற்றோல் அடிச்சுப் போய் வாங்கிறா.”

“நீங்கள் மட்டும்? போன கிழமை கைப்பிடி இல்லாத சட்டி ஒண்டு தூக்கினீங்களே.”

“அது செம்பு!”

“அதுதான் ஓட்டையாக்கும்.”

கடிதங்களை வெட்டும்போது ரூபிகா ஒரு விதி வைத்திருந்தாள். வாசிக்கக்கூடாது. வாசித்தால் வெட்ட மனம் வராது. மின்சாரப் பில் வாசிக்கும் அளவுக்கு அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். வேண்டுமென்றே எழுத்தைக் கோலமாகப் பார்க்கப் பழகியிருந்தாள். அந்த விதிதான் இப்போது அவளைத் தின்றது.

ஐந்து வருடங்களுக்கு முன், தவசீலனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த கிழமை, அவன் கேட்டது ஞாபகம் வந்தது. “என்ரை பழைய கேஸ் பேப்பருகள் வைக்க ஒரு பெட்டி தாரும்.” அகதியாக ஏற்கும்படி கேட்டவர்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு கேஸ் உண்டு. ஊரில் நடந்ததை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல, அவர் பிரெஞ்சில் தட்டச்சடித்துக் கொடுப்பார். அசல் அலுவலகத்துக்குப் போகும். கார்பன் பிரதி கையில் இருக்கும். ரூபிகா அன்று பசை பூசிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், “கீழை நிலவறையிலை என்ரை பிஸ்கட் பெட்டியள் கிடக்கு, ஒண்டை எடுங்கோ,” என்றாள்.

போன மாதம் அந்தப் பெட்டிகளில் ஒன்றை அவளே திறந்தாள். ஊதா எழுத்தைக் கண்டதும் ‘அட, என்ன வடிவு’ என்று வாய்விட்டுச் சொன்னாள்.

புதன்கிழமை இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்ன என்று தவசீலன் கேட்டான். தலையிடி என்றாள். அது இரண்டாவது பொய். மாலை போட்ட படத்தின் பக்கம் திரும்பாமல் போய்ப் படுத்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் அவனுக்குக் கிடைக்கும் ஓய்வில், கடைக்கு வரச்சொன்னாள். இராஜதுரை சாப்பிடப் போயிருந்தார். பின்னறை மேசையில் பூங்கொத்தும் வெறும் பிஸ்கட் பெட்டியும் இருந்தன. எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை.

“இஞ்சேருங்கோ, நான் உங்கடை அண்ணையை வெட்டிப்போட்டன்.”

தவசீலன் பெட்டியைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தான்.

“தெரியும்,” என்றான்.

“எப்ப?”

“நீர் எனக்குக் கம்பி சுத்தத் தந்த அண்டைக்கு. அந்த மொழிபெயர்ப்புக்காரன்ரை மெசினிலை ஒரு எழுத்து எப்பவும் மேலை துள்ளிக்கொண்டு நிக்கும். கண்ணாடி போடாமலே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ நாற்பத்தொரு பூவுக்கும் கம்பி சுத்தினீங்கள்? என்னை ஏசியிருக்கலாமே!”

“நீர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தீர். எல்லாம் வெட்டியும் முடிஞ்சுது.” அவன் ஒரு பூவைக் கையில் எடுத்தான். “உண்மை அது இல்லை, ரூபி. இது வீட்டை விட்டுப் போகட்டும் எண்டு எனக்கு ஒரு ஆசை. எறியவும் கை வரேல்லை, வாசிக்கவும் ஏலேல்லை. நீர் எறிஞ்சு தாறீர் எண்டு விட்டிட்டன். செத்தவற்றை கதையை ஒரு கலியாணப் பொம்பிளையின்ரை கையிலை குடுக்கிறம் எண்டு தெரிஞ்சும் விட்டிட்டன்.”

அது ரூபிகாவுக்கு உறைத்தது. அமங்கலமான ஒன்றை அந்தப் பெண் கையில் தானே கொடுத்து, வடிவு என்று அவள் சொல்லக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறாள்.

“அதோடை, இதிலை இருக்கிறது பொய்,” என்றான் அவன்.

“என்ன பொய்?”

“அண்ணை என்ரை மடியிலை செத்தவர் எண்டு கிடக்கு. நான் பக்கத்திலையே நிக்கேல்லை. அண்டைக்குச் சைக்கிளுக்கு ரெண்டு பேரும் சண்டை. நானும் வாறன், இருத்திக் கொண்டுபோ எண்டு அவர் கேட்டவர். ஏலாது, நடந்து போ எண்டிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டன். அவர் நடந்து போன சந்தையடியிலை ஷெல் விழுந்தது. ‘நீர் எங்கை நிண்டனீர்?’ எண்டு மொழிபெயர்ப்பாளர் கேட்டார். மடியிலை வைச்சிருந்தனான் எண்டு வாய் தானாச் சொல்லிச்சுது. அதாலை கேஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்காகத்தான் சொன்னனான்.”

கடைக்குள் யாரோ வந்து, ஆளைக் காணாமல் திரும்பிப் போனார்கள். ரூபிகா அவன் கையைப் பிடித்தாள். பசை காய்ந்த விரல்கள் அவளுடையவை. வெங்காயம் மணக்கும் விரல்கள் அவனுடையவை.

“இதை நான் குடுக்கமாட்டன்,” என்றாள் கடைசியில். “வேறை செய்யவேணும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை.”

“தாளை எடும். கம்பி நான் சுத்திறன்.”

அவள் அலுமாரியிலிருந்து பழைய தாள் கட்டுகளை இறக்கினாள். கத்தரிக்கோல் கையில் இருந்தது, கை போகவில்லை. ஆறு வருடமாக எத்தனை பேரை இப்படி வாசிக்காமல் வெட்டினாள்? நாடா கட்டிய அந்தக் கடிதங்களை யார், எந்த நிலவறையில், எறிய முடியாமல் வைத்திருந்தார்கள்?

“முதல்லை வாசியுங்கோ,” என்றாள். “எல்லாத்தையும்.”

தவசீலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்தான். “மகன் போர்முனையிலை இருந்து தாய்க்கு.” அதை அவள் வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். “ஆசுப்பத்திரியிலை இருந்து.” அதையும் வைத்தாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ தாளில் அவன் நின்றான். பழுப்பேறிய ஒரு விலைப் பட்டியல், முப்பது பக்கமாவது இருக்கும்.

“இதை வெட்டும். கரட் விதை, லீக்ஸ் விதை, பூசணி விதை. ஒருத்தரும் சாகேல்லை.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் முட்டியது.

வெட்டத் தொடங்கினாள். எதிரே அவன் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாவது பூவில் கேளாமலே பேசினான். “அண்ணைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, ரூபி. வயது இருபத்தாறு. சந்தியிலை ஆரும் கண்டிடுவினம் எண்டு விடிய வெள்ளென கடற்கரை ரோட்டிலை பழகுவார். நான் பின்னாலை பிடிச்சுக்கொண்டு ஓடவேணும்.”

ரூபிகாவின் கத்தரிக்கோல் நின்றது. மாலை போட்ட அந்தப் படம் அவள் மனதில் முதன்முறையாக அசைந்தது, விழுந்து எழும்பியது, மண்ணைத் தட்டியது. வெட்டியிராவிட்டால் இது எனக்குக் கிடைத்திருக்குமா என்று ஒரு கணம் மகிழ்ந்தாள். மகிழ்ந்தேனே என்று உடனே கூசிப்போனாள். அந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போகவில்லை. போகாது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

“பிறகு?” என்று கேட்டாள்.

“பிறகென்ன, ஒரு நாள் நான் கையை விட்டிட்டன். அவருக்குத் தெரியாது. கொஞ்சத் தூரம் தனியப் போனவர்.”

அவன் அடுத்த கம்பிக்குக் கையை நீட்டினான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.