திரையில் சொன்ன கேதம்

வெள்ளைத்துரை இறந்து பன்னிரண்டாம் நாள். ஆனையூர் வீட்டின் முன்னறையில், அவர் விட்டுச்சென்ற கணிப்பொறியின் முன் அவர் மனைவி கனகா அமர்ந்திருந்தாள். படமும் இல்லை, மௌஸும் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே தோன்றும் பொறி அது. அதன் வழியாக அவர் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு செய்திக்குழுவில் எழுதிவந்தார். ஒருவர் இடும் மடலை எல்லாரும் படிப்பர். ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதுவர். எஞ்சியிருந்தவர் நாற்பது பேர். அவர்களுள் எவருடைய தொலைபேசி எண்ணும் கனகாவிடம் இல்லை; அவர் இறந்த செய்தியை, அந்தக் கேதத்தை, குழுவில் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

"நானே ரெண்டு வரி போட்டுவிட்டுறேன் மதினி. எதுக்கு இம்புட்டுச் சிரமம்?" என்றார் ஹரிராம். பல்கலைக்கழகக் கணிப்பொறிப் பிரிவில் வெள்ளைத்துரையோடு பணியாற்றியவர் அவர்.

"கேதத்த வீட்டாளுதான் தம்பி சொல்லணும். செக்கானூரணிச் சித்தப்பாவுக்கு நேர்ல போகாம போன்ல சொன்னதுக்கே இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. இவுக தெனமும் அவரோட பேசுனவுக. பதினாறுக்குள்ள நானே சொல்லியாகணும்."

ஆகவே, மடல்களைப் படிக்கவும் எழுதவும் அவளுக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. நண்பர் பயன்படுத்திய 'ஸ்லர்ன்' என்பதையே ஹரிராம் முதலில் திறந்து கொடுத்தார். ஆனால் வெள்ளைத்துரை தம் வசதிக்கேற்ப விசைகளையெல்லாம் மாற்றி வைத்திருந்தார். கனகா ஒன்றைத் தொட்டாள். மடற்பட்டியல் முழுவதும் மறைந்துபோயிற்று.

"ஆத்தாடி! அவரு எழுதுன அம்புட்டையும் அழிச்சுட்டேனா?" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அழியல மதினி. எல்லாத்தையும் படிச்சாச்சுன்னு குறிச்சுக்கிருச்சு, அதான் காட்டல. அண்ணன் வண்டிய அண்ணன் மட்டுந்தான் ஓட்ட முடியும் போல. ப்ரேக்க எங்க வச்சாருன்னு எனக்கே தெரியல."

"டிவி ரிமோட்டையே அப்படித்தான் வச்சிருந்தாரு" என்றாள் கனகா. சிரிக்கவில்லை.

பிறகு ஹரிராம் 'டின்' என்னும் மென்பொருளை நிறுவினார். எந்த விசை எதற்கு என்பதை அது திரையின் அடியில் ஓயாமல் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தைக் கொண்டு கனகா அவ்வரிகளை விரல்வைத்துப் படித்தாள்.

"கேக்காமலே சொல்லுது. இது போதும் தம்பி."

பட்டியல் திரும்பி வந்திருந்தது. அதன் உச்சியில் மூன்று மடல்கள் ஒன்றையே கேட்டன: 'வெள்ளைத்துரை அண்ணே, ஆளையே காணோமே?'

கனகா வணக்கம் சொல்லித் தொடங்கவில்லை. துக்கச் செய்திக்கு அது ஆகாது. நான்கு வரிகளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அனுப்பவா, திருத்தவா, விட்டுவிடவா என்று அடிவரி கேட்டது. அவள் விரல் விசைமேல் நின்றது. அதை அழுத்தும்வரை அந்த நாற்பது பேருக்கும் அவர் உயிரோடுதான் இருந்தார்.

அழுத்தினாள்.

சென்றுவிட்டது என்று ஒரு வரி தோன்றி மறைந்தது. பொறியை நிறுத்துவதற்கு ஹரிராம் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி. கேதஞ் சொல்லிட்டு ஒடனே திரும்பிரக் கூடாது. அவுக அழுது முடிக்கட்டும்."

ஹரிராம் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தனர்.