குமிழ் பூஜ்யத்தில் நிற்கிறது

1

இந்தக் கதையை ஒரு பொய்யை மறைக்கத்தான் எழுதத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். பிஷ்கேக் நகரத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு எங்களுடையது. நான் கீபோர்டு. மெலிஸ் கிட்டார். புருல் பாடுவாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மெலிஸின் காலடியில் அந்தப் பெட்டி ஒரு மிருகத்தைப் போல...’

(வேண்டாம். அது எஃபெக்ட்ஸ் பெட்டி, அவ்வளவுதான். கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும். கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ்.)

2

இலையுதிர் காலம் முழுவதும் மெலிஸ் அந்தக் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

“என்ன பைகே, முந்தாநாள் ரொட்டி மாதிரி காஞ்சுபோய் வாசிக்கிறீங்க?” என்று புருல் சீண்டினாள். (எங்களூரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாரும் பைகேதான்.)

“உன் காதுல என்ன பஞ்சா? கூடம் பூரா எதிரொலி இழுத்துக்கிட்டே கெடக்கு. அடங்கவே மாட்டேங்குது.”

எட்டிப் பார்த்தேன். குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

(இங்கே மெலிஸின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இருபத்தாறு வருடம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு, இரைச்சல் பெட்டியில் இல்லை, தன் காதுக்குள் இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளப் பயம். அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.)

3

சனிக்கிழமை, மதியக் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆசி சொல்ல இரு கைகளையும் ஏந்தினார். நாங்கள் பாட்டை நிறுத்தினோம். கூடமே கையேந்தி அமைதியானது. அந்த நேரத்தில் தேநீர்க் கோப்பைகூடச் சத்தம் போடக் கூடாது.

மெலிஸ் மட்டும் குனிந்தார். குமிழைத் திருகினார். மறுபடி திருகினார். அவர் பிடரியில் வேர்வை வழிந்தது. தன் கிட்டார் அந்த ஆசியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிவிட்டார். வேண்டாமென்று நான் தலையாட்டிச் சைகை செய்தேன், அவர் பார்க்கவில்லை. பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஒலிபெருக்கி ‘டமார்’ என்றது. பெரியவர் பாதி வாக்கியத்தில் நின்றார். மணமகள் ஏந்திய கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“எவன்டா அவன்?” என்று யாரோ கத்தினார்கள்.

4

பெட்டியை நெஞ்சில் அணைத்தபடி மெலிஸ் சமையற்கட்டுப் பக்கம் நின்றிருந்தார்.

“தம்பி, மறைக்காம சொல்லு. இப்பவாச்சும் அடங்கிடுச்சா?”

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அவர் அழுகிறார், வைத்தியரிடம் போகிறோம், எல்லாம்... (இவ்வளவு தைரியசாலி யார்? நான் இல்லை.)

முடிவு ஆ: புருல் வந்து சொல்லிவிடுகிறாள். (என் வேலையை அவள் தலையில் கட்டுகிறேன்.)

நடந்தது இதுதான்.

“அடங்கிடுச்சு, பைகே.”

என் முகத்தையே பார்த்தார்.

“ஆமா,” என்றார். “எனக்கும் அடங்கிடுச்சு.”

வயர் பிடுங்கிய பெட்டியில் அவர் கட்டைவிரல் குமிழை இன்னும் குறைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் கல்யாணம் இருக்கிறது. அங்கேயும் யாராவது ஆசி சொல்லக் கையேந்துவார்கள், மெலிஸ் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு என்ன பதில் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.