கீரையும் நீல மாத்திரையும்

அந்த மருந்துக்காரப் பொண்ணு மூணு தடவ கேட்டா. மூணு தடவையும் நான் பொய் சொன்னேன். இதை ஊர்ல யார்கிட்டயும் வாய் விடாம வச்சிருந்தது போதும், அதான் சொல்றேன். கேட்டுட்டு என்னைத் திட்டணும்னு தோணிச்சுன்னா தாராளமா திட்டுங்க. நான் என்னையே திட்டிக்காத திட்டையா நீங்க திட்டிடப் போறீங்க?

என் பேரு கஸ்தூரி. சாஆ டவுனத் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் தொடங்குற எடத்துல ஆத்தோரமா எங்க வீடு. வீட்டுக்காரர் சதாசிவம், செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டினவரு. அம்பத்தெட்டு வயசுல இதயத்துல ஒரு வால்வு கெட்டுப்போச்சுன்னு நெஞ்ச அறுத்து, இரும்புல ஒண்ணு வச்சுத் தச்சாங்க. பக்கத்துல உக்காந்தா டிக் டிக்னு சத்தம் கேக்கும். "எம் பொண்டாட்டி பேச்சு காதுல விழாம இருக்க உள்ளுக்குள்ள கடிகாரம் மாட்டிக்கிட்டேன் லா"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லைங்கல.

இரும்பு உள்ள இருந்தா அதுல ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்குமாம். அது ஒட்டாம இருக்கத் தெனம் சாயங்காலம் ஒரு நீல மாத்திரை. ரத்தத்த இளக்கமா வச்சிருக்கும். ஆனா ரொம்ப இளகிடவும் கூடாது, இளகினா மூளைக்குள்ள வடிஞ்சிடும். அதனால மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயி விரல்ல குத்தி நம்பர் பாக்கணும். ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருந்தா நிம்மதி. கீழ போனா ரத்தக்கட்டி, மேல போனா ரத்தப்போக்கு. என் புருஷன் உயிரு ஒண்ணே ஒண்ணு, அது இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப என் தோட்டத்தப் பத்திச் சொல்லணும். நான் சந்தையில கீரை வாங்கி இருபது வருஷமாச்சு. எங்க வீட்டு வேலியே தவசிக்கீரைதான், மலாய்க்காரங்க சாயூர் மானிஸ்னு சொல்வாங்களே, அதுதான். பின்னாடி ரெண்டு முருங்க. குழாயடியில வல்லாரை. மழை பேஞ்சா ஆத்துச் சரிவு பூரா பூச்சோக் பாக்கு, நுனி சுருண்டு நிக்கிற காட்டுச்செடி, கை வச்சா டக்குனு ஒடியும். அதை நெத்திலி போட்டுத் தேங்காப்பால் ஊத்தி வச்சேன்னா மூணு வீடு தள்ளி இருக்கிற நஸீமா கிண்ணத்தத் தூக்கிட்டு வந்திடுவா. எந்த மழைக்கு எது துளிர்க்கும், எந்த வெயிலுக்கு எது கசக்கும்னு என்னைக் கேளுங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச படிப்பு.

அவருக்கு ஆகஸ்ட்டுல ஆபரேசன். ஒரு மாசம் நான் ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்ததுல தோட்டம் காஞ்சு போச்சு. செப்டம்பர், அக்டோபர் நம்பர் அழகா வந்துச்சு, ரெண்டு புள்ளி ஏழு, ரெண்டு புள்ளி எட்டு. நவம்பர்ல மழை பிடிச்சுது. பறிக்கப் பறிக்கத் துளிர்க்குது. காலையில முருங்கக்கீரை, மத்தியானம் தவசிக்கீரை முட்டை போட்டு, சாயங்காலம் வல்லாரைத் துவையல். எலும்பும் தோலுமா வந்த மனுசன் மொகத்துல சதை போட்டுச்சு. பாக்குறவங்கல்லாம் "கஸ்தூரி, ஒன் கைப்பக்குவம்தான் இவர எழுப்பி உக்கார வச்சிருக்கு"ன்னாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்வானேன்.

அந்த மாசம் நம்பர் ஒண்ணு புள்ளி ஒம்போது.

ஆஸ்பத்திரியில நம்பரப் பாத்து மாத்திரை எழுதுற மருந்துக்காரப் பொண்ணு பேரு அஸ்லினா. சின்னப் பொண்ணு, தங்கமான புள்ள. மலாயிலதான் பேசுவா. "அங்கிள் மாத்திரைய மறந்தாரா?"ன்னு கேட்டா. இல்லவே இல்லைன்னேன். "கீரை, கம்பத்து நாட்டு மருந்து, புதுசா ஏதாச்சும் அதிகமாக் குடுக்கறீங்களா ஆன்ட்டி?"

அவர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் "இல்ல, பியாசா"ன்னேன். எப்பவும் போலத்தான்னு. ஒடனே அவரும் தலைய ஆட்டி, "பியாசா, பியாசா"ன்னாரு.

ஏன் சொன்னேன்? நான் கீரைன்னு சொல்ல, அவ வேணாம்னு சொல்லிட்டான்னா? எனக்கு அந்த பயம்தான். ஆபரேசன் பண்ணினவங்க பண்ணிட்டுப் போயிட்டாங்க, மாத்திரைய அஸ்லினா எழுதுறா, நான் இவருக்குச் செய்யறதுன்னு இருக்கறது அந்தக் கீரை ஒண்ணுதானே? அதையும் பிடுங்கிட்டா நான் எதுக்கு?

ஒண்ணா இருந்த மாத்திரைய ஒண்ணரை ஆக்கினா. நான் வீட்டுக்கு வந்து என்ன செஞ்சேன் தெரியுமா? கீரையக் கூட்டினேன். கீரை ரத்தத்தச் சுத்தம் பண்ணும், சுத்தமான ரத்தம் இளக்கமா ஓடும்னு என் மண்டையில ஒரு கணக்கு. டிசம்பர்ல நம்பர் ஒண்ணு புள்ளி ஏழு. அவ மறுபடி கேட்டா, நான் மறுபடி பியாசான்னேன். அவ மாத்திரைய ரெண்டாக்கினா. நான் இன்னொரு பிடி கீரையப் போட்டேன். ஒரே மனுசனக் காப்பாத்தத்தான் ரெண்டு பேரும் மல்லுக்கட்டினோம். கீரை அந்த மாத்திரையோட வேலையக் கொறைச்சிடும்னு பின்னாடிதான் புரிஞ்சுது. நான் எதுத்துத் தள்ளுறேன்னு அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜனவரியில ரெண்டு புள்ளி ஆறு. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன், அதுவும் என் கீரையாலன்னு. அன்னிக்கி அஸ்லினா மாசா மாசம் நம்பர் எழுதுற மஞ்ச புக்கைப் பிரிச்சு, கீரைப் படம் போட்ட பக்கத்துல விரல வச்சு, நெதானமாச் சொன்னா. "ஆன்ட்டி, கீரை சாப்பிடலாம். தப்பே இல்ல. ஆனா தெனம் ஒரே அளவு. திடீர்னு கூட்டினா நம்பர் ஆடும், திடீர்னு நிறுத்தினாலும் ஆடும். நெஜமாவே ஒண்ணும் மாத்தலையா?"

அலமாக், அப்பவாவது என் வாயி சும்மா இருந்துச்சா? "இல்ல, பியாசா"ன்னேன். நம்பர்தான் சரியா வந்திடுச்சே, இப்பப் போயி ரெண்டு மாசப் பொய்ய எதுக்கு அவுத்துக் காட்டணும்னு வெக்கம்.

திரும்பி வர்றப்ப கார்ல அவர் கேட்டாரு. "சொல்லிடலாமா கஸ்தூரி? அந்தப் புள்ள நல்லதுக்குத்தானே கேக்குது."

"சும்மா வாங்க. ஒரே அளவுதானே? இதே அளவு தெனம் ஆக்கிப் போட்டாப் போச்சு. என் வேலி என்ன எழுந்து ஓடியா போயிடப் போகுது?"

"சரி லா, நீ சொன்னா சரிதான்"ன்னாரு. வழியில வண்டிய நிறுத்தி எனக்கு ரெண்டு வடை வாங்கிக் குடுத்தாரு.

வேலி ஓடித்தான் போச்சு. பிப்ரவரி கடைசியில நாலு நாள் விடாம அடிச்ச மழையில ஆறு ஏறி வந்துச்சு. மத்தியானச் சோத்துக்கு ஒலை வச்சேன், தண்ணி அடுப்படிக்கே வந்திடுச்சு. காப்பாத்த வந்தவங்க எங்களப் போட்டுல ஏத்தினாங்க. துணி எடுக்கல, கோழிங்களத் தொறந்து கூட விடல, மாத்திரையயும் மஞ்ச புக்கையும் மட்டும் மைலோ டின்னுல போட்டு மாரோட அணைச்சுக்கிட்டு ஏறினேன். திரும்பிப் பாத்தா வேலி நுனி கூடத் தெரியல. முருங்க ரெண்டும் தலைய மட்டும் நீட்டிட்டு நிக்குது.

மேட்டுல இருந்த பள்ளிக்கூட மண்டபத்துல எங்களத் தங்க வச்சாங்க. சோறு போட்டாங்க, குறை சொல்லக் கூடாது, அத்தனை பேருக்கும் வேளா வேளைக்குப் போட்டாங்க. சோறு, டின்னுல அடைச்ச சாடின் மீனு, முட்டை, ராத்திரிக்கு மீ நூடுல்ஸ். தட்டுல ஒரு பச்சை இல்ல. மூணாம் நாளு ஆஸ்பத்திரி தேதி, ரோட்டுல இடுப்பளவு தண்ணி, போக முடியல. நான் டின்னத் தொறந்து சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டு நீல மாத்திரை, ஒரு நாள் விடாம எண்ணிக் குடுத்தேன். வீடு போச்சு, கோழி போச்சு, மாத்திரை மட்டும் தவறல. கெட்டிக்காரி இல்ல நான்?

நாலாம் நாள்தான் எனக்கு உறைச்சுது. ஒரே அளவுன்னு சொன்னாளே. திடீர்னு நிறுத்தினாலும் ஆடும்னாளே. புக்குல இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் அடிச்சேன், லைன் போகல. நஸீமா போன்ல அடிச்சேன், அதுலயும் போகல. சிங்கப்பூர்ல வேலை பாக்குற எம் மவன் தீபனுக்கு நஸீமா மண்டபத்து மூலையில ஏணி மேல ஏறி நின்னு மெசேஜ் அனுப்பினா, அது போச்சா போகலையான்னே தெரியல. மாத்திரைய நிறுத்திடலாமான்னு நெனச்சேன். நிறுத்தி வால்வு அடைச்சுக்கிட்டா? குடுத்தாலும் பயம், குடுக்காட்டியும் பயம். அந்த டின்ன மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரு பக்கத்துல டிக் டிக்னு படுத்திருந்தாரு. ஏழு மணியாச்சு. குடுத்தேன்.

ஆறாம் நாள் பல்லு வெளக்கறப்ப ஈறுல ரத்தம். எட்டாம் நாள் காலையில தொடையில கத்திரிக்காய் நெறத்துல ஒரு திட்டு. மண்டபத்துல இருந்த நர்ஸ்கிட்ட ஓடிப்போயிக் காட்டினேன். புக்கைப் பாத்ததுமே அவ மொகம் மாறிடுச்சு. "பத்து மணிக்குப் போட் வருது, மொத ஆளா இவரத்தான் அனுப்புறேன், அசையாமப் படுத்திருக்கட்டும்"னா. அப்ப மணி எட்டரை.

ஒண்ணரை மணி நேரம் என்ன செய்யறது நான்? சொல்லுங்க. மண்டபத்துக்குப் பின்னாடி மேட்டுல, மழைத்தண்ணி ஓடுற கான் ஓரத்துல வல்லாரை கெடக்குறத மொத நாளே பாத்து வச்சிருந்தேன். "அசையாதீங்க, இதோ வந்திடுறேன்"ன்னேன். "எங்க போற? தோட்டத்துக்கா?"ன்னு சிரிச்சாரு. அதுதான் அவர் என்கிட்ட முழுசாப் பேசின கடைசிப் பேச்சு.

சேத்துல முழங்கால் போட்டு ஒரு பிடி பறிச்சேன். கழுவி, பச்சையாவே மென்னு தின்னச் சொல்லலாம்னு ஓட்டமா வந்தேன். பாய சுத்திக் கூட்டம். அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கண்ணு தொறந்திருக்கு, என்னைத்தான் பாக்குது. போட்டு பத்து மணிக்குச் சரியா வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கறப்பதான் அந்த வல்லாரை இன்னும் என் கையிலேயே இருக்குன்னு பாத்தேன்.

நம்பர் எட்டு புள்ளி நாலு. அஸ்லினா வார்டுக்கு எறங்கி வந்தா. நான் எல்லாத்தயும் சொன்னேன், மொதப் பிடிக்கீரையில இருந்து. திட்டுவான்னு காத்திருந்தேன். அவ புக்குல எழுதிக்கிட்டே இருந்தா. அப்புறம், "ரெண்டு நீலம் எழுதினது நான்தானே ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொழைச்சுக்கிட்டாரு. வலது கையும் காலும் வரல. பேச்சும் போச்சு, ஒரே ஒரு வார்த்த தவிர. மொத மொதல்ல டாக்டர், "அங்கிள், வலிக்குதா?"ன்னு கேட்டாரு. "பியாசா"ன்னாரு. பேனாவத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேட்டாரு. "பியாசா." தீபன் லீவு போட்டு ஓடி வந்து, "அப்பா, என்னைத் தெரியுதா?"ன்னு அழுதான். அவனுக்கும் அதேதான். மூளையில வடிஞ்ச எடத்துல மத்த பேச்செல்லாம் போயிடுச்சாம், சில பேருக்கு இப்படி ஒரு வார்த்த மட்டும் தங்கிடுமாம், ஏன் அதுன்னு சொல்ல முடியாதாம். எனக்குத் தெரியும், நான் சொல்லல.

வீட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு. சேறு வழிச்சுப் போட்டதும், நாசமாப் போற அந்த வேலி, முன்ன விட ரெண்டு மடங்கு துளிர்த்து நிக்குது. வெட்டிடலாம்னு கத்தி எடுத்தேன், கை வரல. அஸ்லினா கீரைய நிறுத்த வேணாம்னுதான் சொல்லியிருக்கா. தெனம் ஒரே அளவு, எடை போட்டுக் குடுக்கணும். நீல மாத்திரையும் உண்டு, இரும்பு உள்ள இருக்கிற வரைக்கும் உண்டு. நிறுத்தினா அடைச்சுக்கும், கூடினா மறுபடி வடியும். அதனால தராசு வாங்கி வச்சிருக்கேன். தெனம் காலையில ஒரு சின்னக் கைப்பிடி தவசிக்கீரைய அதுல வச்சு, ஒரு இலை கூடினா எடுத்துட்டு, ஒரு இலை கொறைஞ்சா போட்டு, முள்ளு நிக்கிற வரைக்கும் மூச்ச விடாம பாக்குறேன். அள்ளி அள்ளி ஆக்கின கைதான் இது.

நேத்து காலையில ஊட்டிக்கிட்டு இருந்தேன். பாதி வெளிய வழியும், தொடச்சுத் தொடச்சு ஊட்டணும். பக்கத்துல டிக் டிக். திடீர்னு எனக்குத் தாங்கல. கரண்டியக் கீழ வச்சுட்டுக் கேட்டேன்.

"என்னாங்க, அன்னிக்கி கார்ல சொல்லிடலாமான்னு கேட்டீங்களே. நான்தானே வேணாம்னேன். எம்மேல கோவமாங்க? தலையாச்சும் ஆட்டுங்க."

தலைய ஆட்டல. வாயில இருந்தத மெதுவா மென்னு முழுங்கினாரு. என்னையே பாத்தாரு. அப்புறம், அன்னிக்கி அஸ்லினா முன்னாடி என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னாரே, அதே குரல்ல, "பியாசா, பியாசா"ன்னாரு.