கேட்டுத்தான் எழுதினார்கள்

அவள் புருஷனுக்குக் கணினியில் எழுத்து வரைவதுதான் தொழில், பித்து, எல்லாம். ஒரு 'ழ'வின் வளைவுக்கே இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. ஏழு வருஷம் வரைந்த எழுத்துருவை, யாரும் காசில்லாமல் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் செய்கிற ஒரு குழுவுக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: என்னைக் கேட்காமல் யாரும் திருத்தக் கூடாது. சூடு கண்ட பூனை அல்லவா? அதற்கு முன் அவர் வரைந்ததை ஓர் அச்சகக்காரர் கொஞ்சம் மாற்றித் தன் பெயரில் விற்றிருந்தார்.

பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. மின்னஞ்சல்களை அவள் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அந்தக் குழுவிலிருந்து கடிதம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உரிமத்தை மாற்ற வேண்டும், வரைந்த மூலக் கோப்புகளும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் சேர்க்க முடியாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு முடியாமல் போனதும் பிடுங்க வந்துவிட்டார்களா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பெயரிலேயே "முடியாது" என்று எழுதி அனுப்பிவிட்டு, குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

புதிய பதிப்பு வந்தது. அவர் எழுத்துருப் பட்டியலை மேலும் கீழுமாக மூன்று தடவை தேடினார். அவருடையது இல்லை.

"நல்லா இல்லன்னு எடுத்துட்டாங்க போல," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"என்னங்க, அவங்க உங்களைக் கேட்டு எழுதினாங்க. நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "கேட்டாங்களா? என்னையா?"

"ஆமாங்க."

"கேட்டா குடுத்திருப்பேனேம்மா. கேட்கணும்னுதானே எழுதி வச்சேன்."

"இப்பவே எழுதிடறேன். ஃபைல் எங்க இருக்கு, சொல்லுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காலையில எல்லாத்தையும் அழிச்சுட்டேன். யாருக்கும் வேண்டாததை எதுக்கு வச்சுக்கணும்னு..."

நடுங்குகிற கையால் ஒவ்வொன்றாக அழிக்க மதியம் வரை ஆகியிருக்கிறது. நகல் வைத்திருந்த டிஸ்க்கையும் விடவில்லை.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்த மெயிலைப் படி," என்றார் அவர்.

அன்றைக்குக் கோபத்தில் அவள் தாண்டிப் போன வரிகள்தான் முதலில் இருந்தன. "ஐயா, உங்கள் எழுத்தில்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கப் பழகினார்கள். அதைக் கைவிட எங்களுக்கு மனமே இல்லை. தயவுசெய்து..." அதோடு நிறுத்திவிட்டாள்.

"முழுசாப் படிம்மா," என்றார் அவர்.